கால்பந்து வளர்த்த ஆசான்

மாலையில் பள்ளி மணி அடித்ததும், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களில் சிறுவர் கூட்டம் திடலை நாடி ஓடுவதைக் காண்கிறோம். ஒரு பந்து, அதனைச் சூழ்ந்து இருபது சிறுவர், இரண்டு செங்கற்களோ புத்தகப் பைகளோ கோல் கம்பங்களாக நிற்கும். பந்து எங்கே செல்கிறதோ அங்கே அத்தனை பேரும் ஓடுவர். தன் காலுக்கு எட்டிய பந்தைத் தோழனுக்குக் கொடுக்க ஒருவனுக்கும் மனம் வாராது. ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போது, கோல் போட்டவன் பெயரே எல்லார் நாவிலும் இருக்கும். வெயிலில் நின்று அவர்களைப் பழக்கிய ஆசிரியரை நினைப்பார் இலர்.

உலக இயல்பும் இதுவே. கோபுரத்தின் கலசம் கண்ணில் படும். அதனைத் தாங்கும் அடித்தளம் மண்ணுள் மறைந்து கிடக்கும். ஆட்டக்காரன் கலசம் என்றால், அவனைப் பயிற்றிய ஆசான் அடித்தளம் ஆவான். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்தொடர் வண்டி சைதாப்பேட்டையை அடையும்பொழுது, அதற்கு அண்மையில் நந்தனம் உள்ளது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920ஆம் ஆண்டில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. விளையாடுதல் ஒரு கலை. விளையாட்டைக் கற்பித்தல் அதனின் வேறான மற்றொரு கலை. இவ்வுண்மையை நம் நாட்டில் நிலைநாட்டிய இடங்களுள் அஃதும் ஒன்று. அக்கலையின் உச்சியைத் தொட்ட ஒருவர் ஐதராபாத் நகரில் வாழ்ந்தார். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஆசியக் கண்டத்தின் கால்பந்து மகுடத்தை இருமுறை இந்தியாவுக்கு ஈட்டித் தந்தவரும் அவரே. அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் ஆசிரியப் பணியும்

ரஹீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அந்நாளில் ஐதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்த தனி அரசு. அந்நகரின் உசுமானியாப் பல்கலைக் கழகத்தில் ரஹீம் பயின்றார். கல்லூரி நாளில் கால்பந்தும் ஆடினார், நன்றாகவே ஆடினார். ஆயினும் அவருடைய புகழ் ஆட்டக்காரர் என்ற முறையில் வந்ததன்று.

படிப்பு முடிந்தபின் அவர் மேற்கொண்ட தொழில் ஆசிரியத் தொழில். நகரத்துப் பள்ளிகள் சிலவற்றில் அவர் பணிபுரிந்தார். பின்னர் உடற்கல்வியிலும் பயிற்சி பெற்று, பள்ளி மாணவரின் விளையாட்டைப் பேணும் பொறுப்பை ஏற்றார். வகுப்பறையில் நல்லாசிரியன் செய்வது யாது? இம்மாணவன் எதனை எளிதில் பற்றுவான், எதில் தடுமாறுவான் என்பதை முதலில் கண்டுகொள்கிறான். பிறகு, எளியதிலிருந்து அரியதற்கு அவனைப் படிப்படியாக ஏற்றிச் செல்கிறான். வகுப்பறையில் பழகிய இம்முறையை ரஹீம் திடலுக்கும் கொண்டுவந்தார். அவருடைய பிற்கால வெற்றிகளுக்கெல்லாம் வித்து இதுவே எனலாம்.

திடலில் ஒரு பள்ளி

1940களின் முற்பகுதியில் ஐதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளர் பொறுப்பு ரஹீமை வந்தடைந்தது. பலர் இத்தகைய பதவியைப் பெருமைக்காகக் கொள்வர். ரஹீமோ அதனை ஒரு பெரிய பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனதாகவே கருதி உழைத்தார்.

அவர் நடத்திய போட்டிகள் புதுமையானவை. நம்மில் பெரும்பாலோர் வலக்காலால் மட்டுமே பந்தை நன்கு உதைக்க வல்லவர். இடக்கால் துணைக்கு வாராது. இதனைக் கண்ட ரஹீம், வலிமை குறைந்த காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்னும் விதியுடன் போட்டிகள் நடத்தினார். பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளை ஏய்த்து ஓடுவதில் நம் நாட்டு இளைஞருக்கு அளவிறந்த விருப்பம் உண்டு. அவ்வாறு ஓடுதல் கூடாது, பந்து வந்ததும் தோழனுக்கு அனுப்பிவிட வேண்டும் என்னும் விதியுடன் வேறு சில போட்டிகள் நடத்தினார். தொடக்கத்தில் இவற்றைக் கண்டு நகைத்தவரும் இருந்திருக்கலாம். ஆனால் சில ஆண்டுகளில் இரு காலும் ஒருங்கே வசப்பட்ட இளைஞர் பலர் அந்நகரில் தோன்றினர். பந்தைக் கொடுப்பதும் ஆட்டமே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

1950ஆம் ஆண்டு முதல் ரஹீம் ஐதராபாத் நகரக் காவல் துறை அணிக்குப் பயிற்சியாளராக விளங்கினார். அவ்வணியின் வரலாறு வியப்புக்குரியது. பம்பாயில் நிகழும் ரோவர்சு கோப்பைப் போட்டியில் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் அவ்வணியே வென்றது. நாட்டின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியாகிய டூராண்டு கோப்பையையும் 1950, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் கைக்கொண்டது. அந்நாளில் கால்பந்து என்றால் கல்கத்தா என்றே நாடு எண்ணியிருந்தது. அந்த எண்ணத்தை ஒரு பள்ளி ஆசிரியரின் உழைப்பு மாற்றியது.

ஏழை இளைஞரிடம் மறைந்து கிடக்கும் திறனைக் காணும் கண் ரஹீமுக்கு வாய்த்திருந்தது. துளசிதாசு பலராம் என்பவர் செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். வறுமையில் வளர்ந்தவர். அவருடைய ஆட்டத்தைக் கண்ட ரஹீம், நகருக்கு வந்து பயிற்சி பெறுமாறு அழைத்தார். நெடுந்தொலைவு வந்துபோகப் பொருள் இல்லாமல் பலராம் தயங்கினார். அதனை அறிந்து அவருக்கு மிதிவண்டி ஒன்று கிடைக்க ரஹீமே வழிசெய்தார். பின்னாளில் இந்தியாவின் தலைசிறந்த முன்னணி ஆட்டக்காரருள் ஒருவராக அந்த இளைஞர் திகழ்ந்தார். உரிய காலத்தில் கிடைத்த சிறிய உதவி எத்துணைப் பெரிய பயன் தரும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

வெற்றியும் படுதோல்வியும்

1951ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி புதுதில்லியில் நிகழ்ந்தது. இந்தியக் கால்பந்து அணிக்கு ரஹீம் பயிற்சியாளர். சைலேன் மன்னா தலைவர். இந்தோனேசியாவையும் ஆப்கானித்தானையும் வென்ற நம் அணி, இறுதி ஆட்டத்தில் ஈரானை எதிர்த்தது. மேவாலால் அடித்த ஒரே கோலால் இந்தியா வென்று பொற்பதக்கம் பெற்றது. விடுதலை பெற்று நான்கு ஆண்டுகளும் நிறையாத நாட்டுக்கு அவ்வெற்றி பெருமகிழ்ச்சி அளித்தது.

ஆனால், அடுத்த ஆண்டே ஒரு பேரிடி விழுந்தது. 1952ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டி, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் நடைபெற்றது. அந்நாளில் நம் ஆட்டக்காரருள் பெரும்பாலோர் பூட்சு அணியாமல் வெறுங்காலுடன் ஆடும் வழக்கம் உடையவர். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் அவ்வாறே ஆடி, பிரான்சிடம் ஒரு கோல் வேறுபாட்டில் மட்டுமே தோற்றிருந்தனர். நமது வெப்ப நாட்டின் காய்ந்த மண்ணில் வெறுங்கால் பந்தோடு உறவாடும். குளிர் நாட்டின் ஈரப் புல்தரையிலோ அது வழுக்கும், விறைக்கும். எதிரே நின்ற யூகோசிலாவிய அணி உடல் வலிமையும் ஆட்ட முறையும் மிக்கது. இந்தியா ஒரு கோல் அடித்தது; யூகோசிலாவியா பத்துக் கோல்கள் அடித்தது.

பத்துக்கு ஒன்று என்னும் தோல்வி எவரையும் நாணச் செய்யும். ரஹீமைக் குறை கூறியவர் பலர். தோல்வி நேர்ந்தவிடத்து மனிதர் இரு வழிகளில் ஒன்றை மேற்கொள்வர். காலத்தையும் இடத்தையும் பிறரையும் பழித்து ஆறுதல் தேடுவது ஒரு வழி. தம்மிடம் உள்ள குறை யாது என்று ஆராய்ந்து அதனைக் களைவது மற்றொரு வழி. ரஹீம் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். அத்தோல்விக்குப் பின் பன்னாட்டுப் போட்டிகளில் நம் ஆட்டக்காரர் பூட்சு அணிந்தே ஆடவேண்டும் என்று விதி செய்யப்பட்டது. காலில் பூட்சு ஏறியது போலவே, கருத்திலும் மாற்றம் ஏற வேண்டும் என்று ரஹீம் எண்ணினார்.

புதிய ஆட்ட முறை

அந்நாளில் உலகின் பிற பகுதிகளில் கால்பந்து எவ்வாறு வளர்கிறது என்பதை ரஹீம் கூர்ந்து நோக்கி வந்தார். 1953ஆம் ஆண்டு நவம்பரில் அங்கேரி நாட்டு அணி, இலண்டன் வெம்பிளி திடலில் இங்கிலாந்தை ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் வென்றது. கால்பந்தை உலகுக்குத் தந்த நாடு தன் சொந்த மண்ணிலேயே வீழ்ந்தது கண்டு உலகம் திகைத்தது. அங்கேரியர் செய்த மாற்றம் நுட்பமானது. முன்னணியின் நடுவில் நிற்க வேண்டியவரைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினர். அவரைக் காக்க வந்த எதிரணிக் காவலர், அவரைப் பின்தொடர்ந்து முன்னே செல்வதா, தம் இடத்திலேயே நிற்பதா என்று தெரியாமல் மயங்கினர். அவ்வாறு உண்டான வெற்றிடத்தில் மற்றவர் புகுந்து கோல் அடித்தனர்.

இம்முறையை ரஹீம் நம் அணிக்கும் பழக்கினார். பழைய அமைப்பில் முன்னணியில் ஐவர், இடையில் மூவர், பின்னே காவலாக இருவர் நிற்பது வழக்கம். இருவரே காத்து நின்றமையால் விரைந்து பாயும் எதிரணியைத் தடுத்தல் அரிதாயிற்று. பின்னர்க் காவலுக்கு நால்வர், இடையில் இருவர், முன்னணியில் நால்வர் என்னும் அமைப்பு உலகில் பரவியது. 1958ஆம் ஆண்டு பிரேசில் நாடு உலகக் கோப்பையை வென்றது இவ்வமைப்பினாலேயாகும். இந்திய ஆட்டக்காரருக்கு இதனைப் பயிற்றியவருள் ரஹீம் முதன்மையானவர். பிறர் செய்த நன்மையை நாணாது கற்பதும், கற்றதை நம் மண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதும் அறிவுடையார் செயல் அல்லவா?

மெல்போர்னும் உரோமும்

ஆசிரியரின் உழைப்பு 1956ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பயன் தந்தது. ஒலிம்பிக்கின் முதற்சுற்றில் இந்தியாவை எதிர்க்க வேண்டிய அங்கேரி அணி போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. அடுத்த சுற்றில் ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே இந்தியா சந்தித்தது. பம்பாயைச் சேர்ந்த நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் இந்தியா வென்று அரையிறுதிக்குச் சென்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அந்நிலையை எட்டிய முதல் ஆசிய நாடு இந்தியாவே.

அரையிறுதியில் மீண்டும் அதே யூகோசிலாவியா எதிரே வந்தது. இம்முறை முதல் கோலை இந்தியாவே அடித்தது. பின்னர் யூகோசிலாவியர் நான்கு கோல்கள் அடித்து வென்றனர். மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் தோற்று இந்தியா நான்காம் இடம் பெற்றது. பதக்கம் கிட்டவில்லை, எனினும், பத்துக் கோல்கள் வாங்கி நாணித் திரும்பிய நாடு, நான்கே ஆண்டுகளில் அதே அணிக்கு எதிராக முந்திக்கொண்டு கோல் அடிக்கும் நிலைக்கு உயர்ந்திருந்தது.

1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் இந்தியா அங்கேரியிடம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. பிரான்சுடன் சமன் செய்தது. பெருவிடம் தோற்று முதற்சுற்றோடு நின்றது. அங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் இந்தியாவின் கோலை அடித்தவர், மிதிவண்டியில் பயிற்சிக்கு வந்த அந்தப் பலராமே.

சகார்த்தாவில் இறுதி வேள்வி

இதற்குப் பின் ரஹீமின் உடலில் கொடிய நோய் ஒன்று குடிகொண்டது. அது புற்றுநோய். ஓய்வு கொள்ள வேண்டிய அந்நேரத்தில் அவர் 1962ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அணியை ஆயத்தம் செய்தார். அணியில் வங்காளத்தவர், பஞ்சாபியர், ஐதராபாத்தியர் எனப் பலர் இருந்தனர். மொழி வேறு, உணவு வேறு, பழக்கம் வேறு. கல்கத்தாவின் பெருங்கழகங்களில் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடியவரும் அவர்களுள் உண்டு. பல மணிகளை ஒரு நூலில் கோப்பது போல ரஹீம் அவர்களை ஒன்றாக்கினார். சுனி கோசுவாமி அணித்தலைவர் ஆனார்.

இந்தோனேசியாவின் தலைநகராகிய சகார்த்தாவில் தொடக்கமே நன்றாக அமையவில்லை. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இந்தியா இரண்டு கோல்களால் தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை வென்றது. ஆனால் அவ்வாட்டத்தில் காவல் அரணாக விளங்கிய ஜர்னைல் சிங்கின் தலையில் பெருங்காயம் ஏற்பட்டு ஆறு தையல்கள் போட நேர்ந்தது. பின்னர் ஜப்பானையும் வென்று இந்தியா அரையிறுதியை அடைந்தது.

இங்கே ரஹீமின் நுண்ணறிவு வெளிப்பட்டது. தலையில் தையலுடன் இருப்பவர் காவல் நிலையில் நின்று உயரே வரும் பந்துகளைத் தலையால் முட்டிக்கொண்டிருத்தல் இயலாது. வேறொருவர் என்றால் அவரை ஒதுக்கியிருப்பார். ஜர்னைல் சிங் கல்லூரி நாளில் முன்னணியிலும் ஆடியவர் என்பது ரஹீமின் நினைவுக்கு வந்தது. ஆகவே அவரை முன்னணியில் நிறுத்தினார். தென்வியட்நாமுடன் நிகழ்ந்த அரையிறுதியில் இந்தியா மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. அவற்றுள் ஒரு கோல் ஜர்னைல் சிங் அடித்தது. எவரிடம் எவ்வினையை எப்போது ஒப்படைப்பது என்று ஆராய்ந்து அறிதலே தலைமையின் முதற்பண்பு. தெரிந்து வினையாடல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்ததும் இதன் பொருட்டே.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4ஆம் நாள். எதிரணி, முன்னர் நம்மை வென்ற அதே தென்கொரியா. அந்நாடு 1956இலும் 1960இலும் ஆசியக் கோப்பையை வென்றது. அன்றியும் மற்றோர் இடர் சூழ்ந்திருந்தது. இசுரேலையும் தைவானையும் இந்தோனேசியா அப்போட்டிக்கு ஏற்கவில்லை. அவ்விரு நாடுகளை விலக்கிய போட்டியை ஆசியப் போட்டி என அழைத்தல் தகுமோ என்று, ஆசிய விளையாட்டு அமைப்பில் பொறுப்பு வகித்த சோந்தி என்னும் இந்தியர் வினவினார். அதனால் சகார்த்தா மக்கள் இந்தியர் அனைவர் மீதும் சினம் கொண்டனர். இந்தியத் தூதரகமும் தாக்கப்பட்டது. திடலில் கூடிய ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்களும் இந்தியாவை எதிர்த்தே குரல் எழுப்பினர்.

ஆட்டத்திற்கு முன்னாள் இரவு ஆட்டக்காரருக்கு உறக்கம் வரவில்லை. அவர்களிடையே வந்த ரஹீம், நாளை தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்றும், அது பொற்பதக்கமே என்றும் கேட்டதாக அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். தம் நோயைப் பற்றி அவர் புலம்பவில்லை. தம் மாணவரிடம் அவர் வேண்டியது அஃது ஒன்றுதான்.

மறுநாள் பீட்டர் தங்கராஜ் கோல் காவலராக நின்றார். இவர் ஐதராபாத்தில் பிறந்து, நீலகிரி வெலிங்டனில் அமைந்த மதராஸ் படைப்பிரிவின் அணியில் ஆடிப் புகழ் பெற்றவர், நெடிய உருவினர். காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களில் ஆடாதிருந்த அவரை, உயரப் பந்துகளைப் பற்ற வல்லவர் என்று கருதி ரஹீம் இறுதி ஆட்டத்தில் இறக்கினார். கூட்டத்தின் இரைச்சல் கடல்போல் எழுந்தது. ஆனால் ஆட்டம் தொடங்கி முதல் இருபது நிமிடங்களுக்குள்ளாகவே பி.கே. பானர்ஜி ஒரு கோலும், தலையில் கட்டுடன் ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர். இறுதி நேரத்தில் கொரியா ஒரு கோல் அடித்தது. அதற்குமேல் தங்கராஜ் இடங்கொடுக்கவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று இந்தியா வென்றது. ஆசியப் பொற்பதக்கம் இரண்டாம் முறை நம் நாட்டை அடைந்தது. மாணவர், ஆசான் கேட்ட பரிசைத் தந்துவிட்டனர்.

மறைவும் மாறாத பாடமும்

அவ்வெற்றிக்குப் பின் ரஹீம் நெடுநாள் வாழவில்லை. 1963ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் அவர் இயற்கை எய்தினார். சிறந்த பயிற்சியாளருக்கு இந்திய அரசு வழங்கும் துரோணாச்சாரியார் விருது 1985ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. அவர் வாழ்ந்த நாளில் அத்தகைய விருதே இல்லை. அவரை நாடு ஏறக்குறைய மறந்துவிட்டது என்றே சொல்லலாம். அவர் வாழ்வைக் கூறும் திரைப்படம் ஒன்று 2024ஆம் ஆண்டு வெளிவந்தபின்னரே, அவர் பெயரைப் பலர் முதன்முதலாகக் கேட்டனர்.

1962க்குப் பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா பொற்பதக்கம் பெற்றதில்லை. 1970ஆம் ஆண்டு பாங்காக்கில் வெண்கலம் பெற்றதோடு நின்றது. நம் நாட்டில் திறமையுள்ள இளைஞருக்குக் குறைவு இல்லை. அத்திறமைகளைக் கண்டு, பொறுமையோடு பயிற்றி, ஒன்றாகக் கோத்து, தோல்வியிலிருந்தும் பாடம் கற்பிக்கும் ஆசான்கள் அரியர். ஓர் ஆசிரியர் இல்லாத இடம் எத்துணைப் பெரிது என்பதை ரஹீம் மறைந்தபின் கழிந்த ஆண்டுகள் நமக்கு உணர்த்துகின்றன.

ரஹீம் நாட்டுக்கு ஈட்டித் தந்த பதக்கங்களை வென்ற ஆட்டங்களில் அவர் ஒருமுறையேனும் பந்தைத் தொட்டதில்லை. பந்தைத் தொட்டன பலராமின் கால்கள். தடுத்தன தங்கராஜின் கைகள். ஆயினும் அக்கால்களிலும் கைகளிலும் இயங்கியது அவருடைய கல்வியே. பிறர் உயரத் தாம் உழைப்பதும், அவ்வுயர்வையே தம் ஊதியமாகக் கொள்வதும் ஆசிரியரின் அறம்.

ஆகவே, மாலையில் திடலுக்குச் செல்லும் மாணவரே! அடுத்த முறை பந்து உங்கள் காலுக்கு வரும்போது, கோலுக்கு அண்மையில் நிற்கும் தோழனை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். பந்தை அவனுக்குக் கொடுங்கள். அவன் கோல் அடித்து எல்லாரும் ஆரவாரம் செய்யும்போது, திடலின் ஓரத்தில் வெயிலில் நிற்பவர் பக்கமும் சற்றுத் திரும்பிப் பாருங்கள். ரஹீம் என்னும் ஆசிரியருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.